லயத்து வாசலில் ஒரு சிறு வனம்

தனிமரம் தோப்பாகாது என்பது நம்மவரின் பழமொழி. ஒற்றுமையை வலியுறுத்த விரும்புவோர் இதனை எடுத்தாளுவது வழக்கம். மலைநாட்டிலே வாழ்கின்ற நமக்கு இப்பழமொழியில் மற்றொரு பொருளும் தோன்றுகின்றது. தனிமரம் தோப்பாகாதது போலவே, ஒரே இனத்துச் செடி கோடிக்கணக்கில் நிறைந்து நின்றாலும் அதுவும் தோப்பாகிவிடாது.

ஹட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் வழியாக மஸ்கெலியாவுக்குச் செல்லும் பாதையில் நின்று பார்க்கும் வெளியூரார், "எத்தனை பசுமை!" என்று வியக்கிறார்கள். பசுமைதான், ஐயமில்லை. ஆயினும் அப்பசுமையிற் பெரும்பகுதி ஒரே செடியின் பசுமையாகும். கொழுந்துக்காக ஓயாது கிள்ளப்படுகின்ற அச்செடி நிறையப் பூத்துக் குலுங்குவதில்லை. பறவை உண்ணத்தக்க கனியையும் அது தருவதில்லை. தேனை நாடும் பூச்சிக்கும், பழத்தை நாடும் குருவிக்கும், இன்ன இலையைத்தான் தின்பேன் என்று பிடிவாதம் செய்யும் புழுவுக்கும் அங்கே கிடைப்பது சொற்பமே. இந்நிலையிலே, லயத்து வாசலிலும் பாடசாலை முற்றத்திலும் கோயிற் புறத்திலும் உள்ள சிறு துண்டு நிலங்கள் என்ன செய்யக்கூடும் என்பதே இவ்வாரம் நாம் ஆராய எடுத்துக்கொண்ட விஷயம்.

முதலில் இம்மலைகளின் பழங்கதையைச் சிறிது நினைவுகூர்தல் நன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பிப் பயிருக்காக இங்கிருந்த பெருங்காடுகள் அழிக்கப்பட்டன. மலை மலையாகக் கோப்பி ஒன்றையே நட்டார்கள். 1869ஆம் ஆண்டில் கோப்பி இலையில் ஒருவகைத் துருநோய் காணப்பட்டது. ஒரே செடி இடைவெளியின்றி நின்றமையால், நோய் ஒரு மலையிலிருந்து அடுத்த மலைக்குத் தடையின்றிச் சென்றது. சில பத்தாண்டுகளுக்குள் கோப்பித் தொழிலே நிலைகுலைந்து போயிற்று. ஜேம்ஸ் டெயிலர் என்பவர் 1867இல் லூல்கந்துரவிலே 19 ஏக்கரில் நட்டிருந்த தேயிலை அந்த வெற்றிடத்தைப் பிடித்துக்கொண்டது. 1884இல் புகையிரதம் ஹட்டனை எட்டியது. தேயிலை மேலும் பரவியது. காடு மலையுச்சிகளிலும் ஓடைக்கரைகளிலும் ஒதுங்கி நின்றது. அவ்வாறு எஞ்சிய காடுகளுள் சிவனொளிபாதமலையைச் சூழ்ந்த வனமும், ஹோட்டன் சமவெளியும், நக்கிள்ஸ் வனமும் 2010ஆம் ஆண்டில் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்டன. ஹட்டன் மக்கள் அத்தகைய பெருமை வாய்ந்த ஒரு வனத்தின் அயலவர்கள் என்பதை மறத்தல் கூடாது.

ஒரே பயிரை நம்புவதன் அபாயத்தைக் கோப்பி காட்டிற்று. தேயிலையும் தன் பங்குக்கு ஒரு பாடம் கற்பித்திருக்கிறது. அது நிகழ்ந்த காலத்திலும் சரி, இன்றும் சரி, தேயிலை பற்றிய ஆராய்ச்சிக்கு நடுநிலையமாக இருப்பது 1925இல் நிறுவப்பெற்ற தேயிலை ஆராய்ச்சி நிலையம். ஹட்டனுக்கு அண்மையில், தலவாக்கலை சென்ட் கூம்ஸ் தோட்டத்திலே அது இருக்கின்றது. தேயிலையின் இலைகளை நூலாற் பிணைத்து, அதனுள் ஒளிந்திருந்து தின்னும் இலைச்சுருட்டுப் புழு ஒன்று முன்னாளிலே தோட்டங்களுக்குப் பெருந்தொல்லையாக இருந்தது. அதனை அடக்குவதற்காக 1935ஆம் ஆண்டளவில் ஜாவாத் தீவிலிருந்து மக்ரோசென்ட்ரஸ் என்னும் சின்னஞ்சிறு குளவியினம் ஒன்று கொண்டுவரப்பட்டது. மனிதரைக் கொட்டும் குளவியன்று இது. புழுவின் உடலுக்குள்ளே முட்டையிடும்; முட்டையிலிருந்து வெளிப்படும் குஞ்சு அப்புழுவையே உண்டு வளரும். இக்குளவி மலைநாட்டிலே நிலைபெற்றது. இலைச்சுருட்டுப் புழுவின் கொட்டம் அடங்கியது.

பின்னர் நடந்ததுதான் கவனிக்கத்தக்கது. 1950களின் பிற்பகுதியில், தேயிலைத் தண்டைத் துளைக்கும் வண்டினை ஒழிக்கும்பொருட்டு டீல்ட்ரின் என்ற நச்சு மருந்தைத் தெளித்தார்கள். நஞ்சுக்குப் பகைவன் யார், காவலன் யார் என்று பிரித்தறியும் விவேகம் ஏது? அது காவற்குளவியை மாய்த்தது. அடங்கிக்கிடந்த இலைச்சுருட்டுப் புழு மீண்டும் பெருகித் தோட்டங்களைத் தாக்கிற்று. அமெரிக்க நாட்டு ராச்சேல் கார்சன் அம்மையார் பூச்சிகொல்லிகளின் தீமையை எடுத்துக்காட்டித் தமது புகழ்பெற்ற நூலை வெளியிட்டது 1962இலே. அந்நூல் வெளிவருமுன்பே அதன் பாடத்தை நம் மலைகள் அனுபவத்திலே கண்டுவிட்டன.

இவ்வகைச் சிறு குளவிகள் முட்டையிடுவதற்குப் புழுவைத் தேடுமாயினும், தாம் உயிர்வாழ்வதற்குத் தேனையே நாடுகின்றன. அவற்றின் வாய் மிகச் சிறியது. ஆழமான பெரிய மலரிலே அவற்றால் தேனருந்த இயலாது. கொத்தமல்லி, பெருஞ்சீரகம், கடுகு முதலியவற்றின் நுண்ணிய பூக்களே அவற்றுக்கு ஏற்றவை. ஆகவே, பாத்தியிலே கொத்தமல்லி நட்ட இல்லத்தரசி எல்லாவற்றையும் பறித்துவிடாமல் நான்கு செடிகளைப் பூக்க விடுவாளாயின், தன் கோவாவுக்கும் போஞ்சிக்கும் கூலியில்லாக் காவலரை அமர்த்தியவள் ஆகின்றாள். செடிப்பேனைத் தின்னும் பொறிவண்டுக்கும் அங்கே இடம் கிடைக்கும். பல்லுயிர் பேணுதல் என்பது பொழுதுபோக்கு ஆடம்பரமன்று என்று நாம் கூறுவதற்கு இதுவே முதற் காரணம்.

இங்கே ஒரு கேள்வி எழுவது நியாயமே. "10 அடிக்கு 12 அடி அறையிலே குடும்பம் நடத்துகிறவர்களிடம் போய், குருவிக்கும் தவளைக்கும் இடம் கொடுங்கள் என்று சொல்வது பொருந்துமா?" என்று சிலர் கேட்கக்கூடும். இக்கேள்வியை ஒதுக்கிவிட்டுத் தோட்டக்கலை பேசுவது மனச்சாட்சிக்கு ஒவ்வாது. மலையகத் தமிழர் இந்நாட்டுக்கு வந்த வரலாறு 1823இலிருந்து கணக்கிடப்படுகின்றது. 2023இல் இருநூறாண்டு நிறைவு நினைவுகூரப்பட்டது. இந்த நீண்ட காலத்திலே இலட்சக்கணக்கான தேயிலைச் செடிகளை நட்ட கைகளுக்கு, தமக்கென்று ஒரு மரத்தை நடுவதற்குச் சொந்த மண் இருந்ததில்லை. காய்க்கப் பத்தாண்டு செல்லும் மரத்தை, நாளை யாருடையதோ என்று தெரியாத மண்ணிலே எவர்தாம் நடுவார்? அண்மைக் காலத்தில் தனிவீட்டுத் திட்டங்களின் கீழ் 7 பேர்ச், 10 பேர்ச் என்று காணி கிடைக்கத் தொடங்கியிருக்கிறது. இன்னும் பெரும்பாலோர் லயத்திலேதான் இருக்கின்றனர். எனினும், வாசற்புறத்துக் காய்கறிப் பாத்தி அநேகமாக எல்லா லயத்திலும் உண்டு. நாம் கேட்பது புதிய நிலமன்று. இருக்கின்ற நிலத்தின் ஓரத்தைச் சற்று வேறுவிதமாக ஆளுதலையே.

ஓரத்தை விட்டுவைப்பது நம் மரபுக்குப் புதிதுமன்று. கோயிலோடு நந்தவனம் அமைத்தவர்கள் நம் முன்னோர். தெய்வம் உறையும் இடமென்று காட்டின் ஒரு பகுதியை வெட்டாது காத்த கோயிற்காடுகள் தமிழ்நாட்டிலே இன்றும் பல உள. நம் தோட்டங்களிலும் முனியாண்டிக்கும் மாடசாமிக்கும் என்று விட்டுவைத்த மரத்தின் மேற் கோடரி வைக்க எவரும் துணிவதில்லை. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டிலே 99 மலர்களின் பெயர்கள் அடுக்கிக் கூறப்பட்டுள்ளன என்பதைத் தமிழ் பயிலும் மாணவர் அனைவரும் அறிவர். மலையும் மலைசார்ந்த இடமும் குறிஞ்சி எனப்படும். குறிஞ்சி நிலத்திலே வாழ்கின்ற நாம், நம் வாசலிலே ஒன்பது மலர்களின் பெயரையாவது சொல்ல வல்லவராக இருத்தல் வேண்டாமா?

சிறு தோட்டத்தினால் என்ன பயன் என்று ஐயுறுவோர் நுவரெலியா விக்டோரியாப் பூங்காவை நினைத்துப் பார்க்கலாம். அது நகரின் நடுவே மனிதரால் அமைக்கப்பட்ட பூங்கா. அருகே வாகன இரைச்சல். உள்ளே சிறுவர் விளையாட்டு. ஆயினும், கோடைகாலத்தைக் காஷ்மீரப் பகுதியிலே கழித்துக் குஞ்சு பொரிக்கும் காஷ்மீர ஈப்பிடிப்பான் என்ற அரிய சிறு குருவி, பனிக்காலத்திலே இலங்கையின் மலைநாட்டுக்கு வந்து தங்கும்போது அப்பூங்காவையும் நாடி வருகின்றது. அதனைக் காண்பதற்கென்றே பல நாடுகளிலிருந்தும் பறவை ஆர்வலர்கள் அங்கு வருகிறார்கள். நிழல் தரும் மரம், அடியிலே புதர், ஓடும் நீர், உதிர்ந்த இலையிடையே பூச்சி ஆகிய இவை ஓரிடத்திலே கூடியிருத்தல் அக்குருவிக்குப் போதுமானது. பூங்காவை அமைத்தவர் யார் என்று அது விசாரிப்பதில்லை.

இனி, செய்முறையைக் கூறுவோம். முதலாவது, தோட்டத்திற்குப் பல அடுக்குகள் வேண்டும். மேலே ஒரு மரம், அதன் கீழே புதர், புதரின் கீழே பூண்டு, தரையிலே இலைச்சருகு. ஏழு பேர்ச் காணியிற் பெருமரம் ஆகாது. கொய்யா, மரத்தக்காளி, பேரி போன்ற ஒன்றே போதும். பழங்களிற் பாதியை நீங்கள் பறியுங்கள். உச்சிக் கிளையில் எட்டாதவற்றைக் கொண்டைக்குருவிக்கும் அணிலுக்கும் விடுங்கள். இலங்கைக்கே உரிய வெள்ளைக்கண்ணிக் குருவி கூட்டமாக வந்து இலையிடுக்கிலுள்ள பூச்சியைப் பொறுக்குவதையும் அப்போது காண்பீர்கள்.

இரண்டாவது, வேலி. முட்கம்பியும் தகரமும் வேலியாகலாம். உயிர்வேலி அதனினும் மேலானது. முள்முருக்கு, செவ்வரத்தை, ஆடாதோடை என்று மூன்று நான்கு இனங்களைக் கலந்து நடுங்கள். முள்முருக்கின் செந்நிறப் பூவைத் தேன்சிட்டு தேடி வரும். வேலியின் நெருக்கத்திலே தையற்சிட்டு இலையைத் தைத்துக் கூடு கட்டும். கன்னம் கறுத்த பச்சை ஓணான் ஒன்று வேலியிலும் தேயிலையிலும் உலவுவதை நம் பிள்ளைகள் கண்டிருப்பார்கள். அது இலங்கையின் மலைநாட்டைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத இனம். பூச்சியைத் தின்று நமக்கு உதவுவது. ஓணானைக் கண்டவுடன் கல்லெடுக்கும் வழக்கத்தைப் பெற்றோர் கண்டித்து நிறுத்துவது கடமையாகும்.

மூன்றாவது, வண்ணத்துப்பூச்சிக்குப் பூ மட்டும் போதாது, இலையும் வேண்டும். பூவிலே தேனருந்துவது தாய். இலையைத் தின்று வளர்வது பிள்ளை. ஒவ்வோர் இனத்திற்கும் குறிப்பிட்ட சில இலைகளே உணவு. எலுமிச்சை, தோடை இனச் செடிகளிலே கரிய பெரிய சிறகுடைய வண்ணத்துப்பூச்சிகள் முட்டையிடும். செண்பக மரத்தை நாடுவன வேறு சில. கிலுகிலுப்பைச் செடியைச் சுற்றி நீலநிறக் கோடுகளுடைய ஆண் பூச்சிகள் கூட்டமாக வந்தமர்வதுண்டு. எலுமிச்சை இலையிலே பறவை எச்சம் போன்ற புழுவைக் கண்டால் உடனே நசுக்கிவிடாதீர்கள். நான்கு இலைகளை இழந்தால் செடி சாகாது. அடுத்த சில வாரங்களிலே வாசலில் ஒரு வண்ணத்துப்பூச்சி பறக்கும். சிங்கள மக்கள் சிவனொளிபாதமலையைச் சமனல கந்த என்று அழைப்பர். சமனலயா என்பது அவர்கள் மொழியிலே வண்ணத்துப்பூச்சி. சில பருவங்களிலே மஞ்சளும் வெள்ளையுமான பூச்சிகள் திரள்திரளாக மலையை நோக்கிப் பறப்பதை நம் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டிருக்கிறார்கள். அவை பெரும்பாலும் கொன்றை இனச் செடிகளின் இலையிலே வளர்பவை.

நான்காவது, நீர். மலைநாட்டிலே பீலித் தண்ணீர் வழிந்து கானிலே வீணாக ஓடுவதைக் காண்கிறோம். வழியும் இடத்திலே அகன்ற மண்சட்டி ஒன்றைத் தரையோடு பதித்து, நடுவிலே ஒரு கல்லை வைத்தாற் போதும்; குருவிகள் குளிக்க வரும். தேங்கும் நீராயின் இரண்டு நாட்களுக்கு ஒருமுறை ஊற்றிவிட்டு மாற்றவேண்டும். இல்லையேல் நுளம்புக்கு நாமே தொட்டில் கட்டியவராவோம்.

ஐந்தாவது, மூலையிலே ஓர் இலைக்குவியல். இலங்கையில் 100க்கு மேற்பட்ட தவளை இனங்கள் உள்ளன. அவற்றுட் பல மரத்தவளைகள் நீரிலே தலைப்பிரட்டையாக நீந்தாமல், முட்டைக்குள்ளேயே முழு வளர்ச்சி பெற்று, குட்டித் தவளையாகவே வெளிவருகின்றன. அம்முட்டைக்கு வேண்டியது ஈரமான மண்ணும் இலையுமே. குளம் வெட்ட வசதியில்லாத வீட்டிலும் தவளைக்கு இடமளிக்கலாம் என்பது இதனால் விளங்கும். இவ்வினங்களிற் பதினைந்துக்கு மேற்பட்டவை ஏற்கெனவே உலகைவிட்டு மறைந்துவிட்டன. எனினும், சருகுக்குவியலைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். பாம்பும் அங்கே தங்கலாம். நிலத்தின் கடைக்கோடியே அதற்கு ஏற்ற இடம். வெறுங்காலோடும் வெறுங்கையோடும் அதனைக் கிளறுதல் ஆகாது.

நட வேண்டியதைச் சொன்னதுபோல், நடத் தகாததையும் சொல்லவேண்டும். உண்ணிச்செடியின் பூவிலே வண்ணத்துப்பூச்சி மொய்க்கும் என்பது உண்மை. ஆனால் அழகுக்காக வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட அச்செடி இன்று காடெங்கும் பரவி, பிற செடிகளை நெருக்குகின்றது. ஹோட்டன் சமவெளியிலும், ஐரோப்பாவிலிருந்து வந்த மஞ்சட்பூ முட்புதர் ஒன்று பரவி, அதனைக் களைவதற்குப் பெருமுயற்சி தேவைப்பட்டிருக்கிறது. ஹக்கல தாவரவியற் பூங்கா 1861இலே சிங்கோனாப் பயிருக்காகத் தொடங்கப்பெற்றது. அதன் பின்புறத்து மலைக்காட்டிலே இந்நாட்டுக்கே உரிய மரங்கள் நிற்கின்றன. சுற்றுலா செல்லும் மாணவர் ரோசாச் செடிகளைப் பார்ப்பதோடு நில்லாமல் அம்மரங்களையும் பார்த்து வருதல் நலம்.

அச்சம் தரும் உயிர்களைப் பற்றியும் மறைக்காமல் பேசவேண்டும். கொழுந்து பறிக்கும் பெண்கள் குளவிக்கொட்டுக்கு இலக்காகி வைத்தியசாலைக்கு எடுத்துச் செல்லப்படும் செய்தியை அடிக்கடி படிக்கிறோம். உயிரிழந்தோரும் உளர். அத்தகைய கூட்டைப் பாதையோரத்திலோ வேலைசெய்யும் மலையிலோ காண்போர் உடனே நிர்வாகத்திற்கு அறிவிக்கவேண்டும். கல்லெறிவதும் தாமே புகைமூட்டுவதும் பேராபத்து. வனவுயிரை நேசித்தல் என்பது மனித உயிரைப் பணயம் வைப்பதன்று. தேயிலையைக் காக்கும் நுண்குளவியையும் ஆளைக் கொல்லும் பெருங்குளவியையும் வேறு பிரித்து அறிவதே அறிவுடைமை.

சிறுத்தையின் நிலை இதனினும் துயரமானது. 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதியிலே, காய்கறி நிலமொன்றில் வைக்கப்பட்டிருந்த கம்பிக் கண்ணியில் ஒரு கருஞ்சிறுத்தை சிக்கிற்று. மிக அரிதாகவே காணப்படும் அவ்விலங்கை மீட்டுச் சிகிச்சைக்காக உடவளவைக்குக் கொண்டு சென்றனர். சில நாட்களில் அது மாண்டது. இத்தகைய கண்ணிகளைச் சிறுத்தைக்காக வைப்பவர் அரியர். அவை பெரும்பாலும் காட்டுப்பன்றிக்காகவே வைக்கப்படுகின்றன. பன்றி ஓர் இரவிலே ஒரு குடும்பத்தின் பல மாத உழைப்பைப் புரட்டிவிடும் என்பதும் பொய்யன்று. ஆனால் டீல்ட்ரினைப் போலவே கம்பிக்கும் வேண்டியது, வேண்டாதது என்ற பேதம் தெரியாது. பன்றியைப் பிடித்துண்டு அதன் பெருக்கத்தைக் குறைக்கவல்ல விலங்கையே அது கொன்றுவிடுகின்றது. எச்சில் இலையையும் உணவுக் கழிவையும் வீட்டோரத்திலே கொட்டுவதால் பன்றியும் தெருநாயும் வருகின்றன. நாயைத் தேடிச் சிறுத்தை வருகின்றது. குப்பையைக் குழிதோண்டிப் புதைத்து எருவாக்குதலும், இரவிலே நாயை உள்ளே கட்டுதலும், கண்ணியைக் கைவிட்டு வேலியை நெருக்கமாக வளர்த்தலும் இச்சங்கிலியை அறுக்கும். வாசற்றோட்டத்தை நாம் எவ்வாறு நடத்துகிறோம் என்பது இவ்வாறு மலையுச்சிக் காடு வரையிற் சென்று பற்றுகிறது.

மாணவர்க்கு ஒரு வேலை சொல்லி இக்கட்டுரையை முடிப்போம். பாடசாலை முற்றத்திலே பத்தடிச் சதுரம் ஒன்றை அளந்து கயிறு கட்டுங்கள். அதற்குள் மருந்து அடிக்கவேண்டாம். உண்ணிச்செடி போன்ற அந்நியக் களையை மட்டும் பிடுங்குங்கள். ஒரு பக்கம் கொத்தமல்லியும் கடுகும், மறுபக்கம் எலுமிச்சையும் கிலுகிலுப்பையும், நடுவிலே நீர்ச்சட்டி. வாரம் ஒருமுறை ஒரு கொப்பியிலே தேதி இட்டு, அங்கே கண்ட செடி, பூச்சி, பறவைகளின் பெயரை எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் படம் வரையுங்கள். ஊரிலுள்ள முதியோரிடம் காட்டிக் கேளுங்கள். மலைகளிலே நாற்பது ஆண்டு கொழுந்து பறித்த பாட்டிமாருக்குத் தெரிந்த பூண்டும் புழுவும் எந்தப் பாடநூலிலும் இல்லாதிருக்கக்கூடும். அவர்கள் சொல்லக்கேட்டு எழுதிவைப்பதும் ஒரு செல்வத்தைக் காப்பதேயாகும்.

சித்திரை மழை இறங்கியதும் மண் இளகும். கன்று நடுவதற்கு அதுவே தக்க சமயம். சொந்தக் காணி பெற்றவர்கள் முதல் மரத்தைத் தம் பிள்ளையின் கையாலேயே நடுவிக்கட்டும். லயத்திலே இருப்பவர்கள் வேலியோரத்திலே ஒரு செவ்வரத்தைக் கிளையையாவது ஊன்றட்டும். அதன் பின், வருகிறவை தாமே வந்து சேரும்.